நியூஸுக்கும் ஒரு ஜீரோ எரர் உண்டு

ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ் லேப்ல வெர்னியர் காலிப்பரைக் கையில் கொடுத்ததும் முதலில் என்ன செய்யச் சொன்னாங்க, ஞாபகம் இருக்கா? பொருளை அளக்கச் சொல்லலை. ரெண்டு தாடையையும் சேர்த்து வச்சு, ஜீரோவும் ஜீரோவும் பொருந்துதான்னு பார்க்கச் சொன்னாங்க. பொருந்தலைன்னா அது ஜீரோ எரர். எவ்வளவுன்னு குறிச்சு வச்சுக்கிட்டு ரீடிங்கில் கழிச்சா வேலை முடிஞ்சது. ஜீரோ எரர் இருக்குங்கிறதுக்காக எந்த லேப் அசிஸ்டென்டும் வெர்னியரைத் தூக்கிக் குப்பையில் போட்டதில்லை. எவ்வளவு எரர்னே தெரியாத கருவிதான் பிரச்சினை.

இன்னொரு விஷயமும் அங்கே படிச்சோம். கை நடுக்கத்தால் வர்ற தப்பு, பத்து தடவை அளந்து சராசரி எடுத்தால் குறையும். ஆனால் கருவியிலேயே தப்பு இருந்தால், நூறு தடவை அளந்தாலும் அதே தப்புதான் சராசரியிலும் வந்து உக்காரும்.

இந்த ரெண்டையும் மனசுல வச்சுக்கோங்க. "மீடியா எல்லாம் வித்துப் போச்சு"ன்னு ஹாஸ்டல் மெஸ்ஸில் தினமும் ஒருத்தர் சொல்றார். சொல்லிட்டு, வாட்ஸ்அப்பில் வந்ததை அப்படியே நம்புறார். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஊடகச் சார்பு என்றால் என்ன, அது அரசியலுக்குள் எப்படி வேலை செய்யுது என்பதைப் படிக்க டெல்லி, வாஷிங்டன் எல்லாம் போக வேண்டாம். நம்ம தூத்துக்குடியே போதும்.

கொடி தெரிஞ்ச பேப்பர்கள்

1908 பிப்ரவரி கடைசியில் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பின்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். ஏற்கெனவே சுதேசிக் கப்பல் விட்டு வெள்ளைக்காரக் கம்பெனியின் வயிற்றில் அடித்தவர் வ.உ.சி. மார்ச் 12-ல் அவரைக் கைது செய்தார்கள். மறுநாள் திருநெல்வேலியில் கலகம். போலீஸ் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள்.

அப்போது சென்னையில் பாரதியார் நடத்திக்கொண்டிருந்த 'இந்தியா' வாரப் பத்திரிகை வெளிப்படையாக வ.உ.சி. பக்கம். 'மெட்ராஸ் மெயில்' ஐரோப்பிய வியாபாரிகளின் குரல். ரெண்டுமே சார்புள்ள பத்திரிகைகள்தான். ஆனால் எது எந்தப் பக்கம்னு கையில் எடுக்கும்போதே வாசகருக்குத் தெரியும். அதே வருஷம் 'இந்தியா'வின் ஆசிரியராகப் பதிவு செய்திருந்தவரை அரசு கைது செய்தது. பாரதி புதுச்சேரிக்குப் போய் அங்கிருந்து பத்திரிகையைத் தொடர்ந்தார். அது பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் வரக் கூடாதுன்னு அரசு தடுத்தது. அரசுக்கு எது வலித்தது என்று இதிலேயே தெரியுது இல்லையா.

அச்சுக்குக் காசு கொடுப்பது யார் என்ற கேள்வியும் இந்தக் கடற்கரைக்குப் பழசு. 1578-ல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்', இந்திய மொழிகளிலேயே முதலில் அச்சேறிய புத்தகங்களில் ஒன்று. அந்த அச்சு வேலைக்குப் பணம் கொடுத்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். புத்தகம் என்ன பேசியது? அவர்கள் புதிதாகச் சேர்ந்த மதத்தைப் பற்றி. காசு எங்கிருந்து வருதோ அந்தப் பக்கம் அச்சு கொஞ்சம் சாயும். இது குற்றச்சாட்டு இல்லை, கவனிக்க வேண்டிய அளவு.

தமிழ்நாட்டில் இதை மறைக்கக்கூட யாரும் பெரிசா மெனக்கெட்டதில்லை. 1942-ல் தினத்தந்தியைத் தொடங்கிய சி.பா. ஆதித்தனார் நம்ம மாவட்டம், திருச்செந்தூர் பக்கம் காயாமொழிக்காரர். பத்திரிகை நடத்தினார், 'நாம் தமிழர்' என்று கட்சியும் நடத்தினார், 1967-ல் சட்டமன்ற சபாநாயகராகவும் ஆனார். அதே 1942-ல் தொடங்கியது கருணாநிதியின் 'முரசொலி'. டிவி வந்ததும் இதே பழக்கம் அங்கேயும் போனது. 1993-ல் சன், 1999-ல் ஜெயா, பிறகு மக்கள், கலைஞர், கேப்டன் என்று கட்சிக்கு ஒரு சேனல். உங்க வீட்டுத் தாத்தாவுக்கு மீடியா லிட்டரசி பற்றி யாரும் கிளாஸ் எடுத்திருக்க மாட்டாங்க. ஆனா ராத்திரி எட்டு மணி செய்தியை சன்னிலும் ஜெயாவிலும் மாத்தி மாத்திப் பார்த்து, "ரெண்டையும் கூட்டி பாதியாக்கினா உண்மை"ன்னு சொல்லியிருப்பார். ஜீரோ எரரைக் கழிக்கிறதுன்னா அதுதான்.

ஆனால் தாத்தா கணக்கு எப்போதும் வேலை செய்யாது. கேபிள் வயர் யார் கையில் இருக்கு என்று ஒரு கேள்வி இருக்கே. 2007 மே மாதம் 'தினகரன்' பத்திரிகை, கருணாநிதியின் அரசியல் வாரிசு யார் என்று ஒரு கருத்துக்கணிப்பை வெளியிட்டது. மே 9-ல் மதுரையில் அந்தப் பத்திரிகை அலுவலகம் தாக்கப்பட்டு, தீ வைக்கப்பட்டு, மூன்று ஊழியர்கள் இறந்தார்கள். பேப்பரில் வந்த ஒரு சர்வேக்கு மூன்று உயிர். ஒரே குடும்பத்துக்குள் வந்த அந்தச் சண்டைக்குப் பிறகு, அதே வருஷம் கலைஞர் டிவி வந்தது, அரசு கேபிள் கார்ப்பரேஷனும் வந்தது. பிறகு தூங்கிப்போன அரசு கேபிளை 2011-ல் ஜெயலலிதா எழுப்பினார். ஆக, செய்தி சேனல் எந்த நம்பரில் வரணும் என்பதை முடிவு செய்யும் வயர், அந்தச் செய்தியில் விமர்சிக்கப்படும் அரசின் கையில். இதில் எந்தக் கட்சிக்கும் வருத்தம் இருந்த மாதிரி தெரியலை. ஆட்சிக்கு வர்றவங்க கைக்கு வயரும் வந்துடுதே.

கட்சிச் சேனலை அடையாளம் கண்டுபிடிக்கிறது சுலபம். தொழிலதிபர் சேனல் கொஞ்சம் கஷ்டம். நம்ம கடற்கரையின் தாது மணலை எடுத்துக்கோங்க. கார்னெட், இல்மனைட் எல்லாம் கலந்த அந்த மணலை அள்ளி ஏற்றுமதி செய்ததில் பெரிய பெயர் வி.வி. மினரல்ஸ். 2013 ஆகஸ்ட்டில் அன்றைய தூத்துக்குடி கலெக்டர் ஆஷிஷ் குமார் மணல் அள்ளும் இடங்களில் சோதனைக்கு உத்தரவிட்டார், உடனே மாற்றப்பட்டார். விஷயம் பெரிதாகி, அடுத்த மாதமே அரசு மாநிலம் முழுக்கத் தாது மணல் எடுக்கத் தடை போட்டது. 2014-ல் நியூஸ்7 தமிழ் தொடங்கியது, அதே வி.வி. குழுமத்தினரின் சேனலாக. அதில் நல்ல ரிப்போர்ட்டர்கள் இருந்தார்கள், நல்ல செய்திகளும் வந்தன. நான் சொல்வது இவ்வளவுதான்: தாது மணல் செய்தியை அங்கே பார்க்கும்போது, முதலாளி யார் என்ற ஒரு தகவலை மனசுல வச்சுக்கிட்டுப் பாருங்க. லோகோவில் அது எழுதியிருக்காது.

எழுவாய் எங்கே?

இப்ப 2018-க்கு வருவோம். பிப்ரவரி 12-ல் அ. குமரெட்டியபுரத்தில் ஸ்டெர்லைட் தாமிர உருக்கு ஆலை விரிவாக்கத்தை எதிர்த்து மக்கள் உட்கார ஆரம்பித்தார்கள். மே 22 நூறாவது நாள். கலெக்டர் அலுவலகம் நோக்கி ஊர்வலம் போனார்கள். அங்கே வன்முறை, தீவைப்பு நடந்தது. போலீஸ் சுட்டது. அன்றும் அடுத்தடுத்த நாட்களிலும் சேர்த்து 13 பேர் இறந்தார்கள்.

இப்ப நானே எழுதிய மூன்று தலைப்பைப் படிங்க. "துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலி." "போலீஸ் சுட்டதில் 13 பேர் பலி." "வன்முறையைக் கட்டுப்படுத்த நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் பலி."

மூன்றிலும் பொய் இல்லை. ஃபேக்ட் செக் பண்றவங்களிடம் கொடுத்தால் மூன்றும் பாஸ். ஆனால் முதலாவதில் துப்பாக்கி தானா வெடிச்ச மாதிரி இருக்கு. "சுட்டார்கள்"னு வினைச்சொல் போட்டால் யார்னு கேட்கத் தோணும். "துப்பாக்கிச் சூடு"ன்னு பெயர்ச்சொல்லா மாத்திட்டா எழுவாயே தேவையில்லை. (பத்தாம் வகுப்போட தமிழ் இலக்கணத்துக்கு டாட்டா காட்டின நம்மள மாதிரி இங்கிலீஷ் மீடியம் ஆட்களுக்கு: எழுவாய்ன்னா சப்ஜெக்ட்.) மூன்றாவதில் இன்னொரு வேலை நடக்குது. சுட்டதுக்கான காரணம் ஏற்கெனவே முடிவாகி, அடைமொழியா வந்து உக்காந்திருக்கு. அந்தக் காரணம் சரியா என்பதே கேள்வியா இருக்கும்போது, அதைத் தலைப்பிலேயே விடையா வச்சாச்சு.

இதோடு சேர்த்து, கதை எந்தத் தேதியில் தொடங்குதுன்னு பாருங்க. மே 22 காலையில் தொடங்கினால் அது ஒரு கல்வீச்சுக் கதை. பிப்ரவரியில் தொடங்கினால் தொண்ணூற்றொன்பது நாள் வன்முறை இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் கதை. இன்னும் பின்னால் 2013-க்குப் போனால் உச்ச நீதிமன்றக் கதை. அந்த வருஷம் ஏப்ரல் 2-ல் வந்த ஒரே தீர்ப்பில், ஆலையை மூடச் சொன்ன சென்னை உயர் நீதிமன்ற உத்தரவும் ரத்தானது, மாசுபடுத்தியதற்காக 100 கோடி ரூபாய் கட்டவும் சொன்னார்கள். "ஸ்டெர்லைட் இயங்கலாம்" என்றும் தலைப்பு போடலாம். "ஸ்டெர்லைட்டுக்கு 100 கோடி" என்றும் போடலாம். ரெண்டுமே அதே தீர்ப்பு. பங்குச் சந்தை பார்க்கிறவருக்கு ஒன்று, மீளவிட்டான் பக்கம் குடியிருப்பவருக்கு ஒன்று.

வார்த்தை தானே, இதில் என்ன இருக்குன்னு கேட்கலாம். வெளியூரில் ஒரு பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில் ரெஸ்யூமைப் பார்த்த ஹெச்.ஆர். என்னிடம் முதலில் கேட்டது, "தூத்துக்குடியா, அந்த ரயட் நடந்த இடமா?" அவர் கெட்டவர் இல்லை, சும்மா பேச்சுக்குக் கேட்டார். ஆனால் அவர் மனசில் ஏழு வருஷமா இருந்த வார்த்தை ரயட். ஃபயரிங் இல்லை. செத்தவர்கள் மேல் அந்த வார்த்தை விழும்போது அவர்கள் கலவரக்காரர்கள் ஆகிடறாங்க.

வயரைப் பிடுங்கினால்

மே 23-லிருந்து தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் அரசு இன்டர்நெட்டை நிறுத்தியது. வதந்தி பரவுதுன்னு காரணம். அப்ப நான் ஒன்பதாவது போகப்போற லீவு. வீட்டில் இருந்தது ஒரு டிவி, அதில் ஓடும் சென்னைச் செய்தி, அவ்வளவுதான். பக்கத்துத் தெருவில் என்ன நடக்குதுன்னு தெரிஞ்சுக்க, அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஸ்டூடியோவை நம்பி உக்காந்திருந்தோம். வதந்தி நின்னுச்சான்னா, இல்லை. போன்ல குரலா வந்துச்சு. வீடியோ மட்டும் நின்னுது.

வீடியோ முக்கியம்னு எப்படித் தெரியும்? மஞ்சள் டி-ஷர்ட் போட்ட ஒருத்தர் போலீஸ் வேன் மேல் ஏறி நீளத் துப்பாக்கியால் குறிவைக்கும் காட்சியைப் பார்த்திருப்பீங்க. மே 22-லேயே அதை நாடு முழுக்கக் கொண்டுபோனது ஏ.என்.ஐ. "டெல்லி மீடியா நம்மளைக் கண்டுக்காது"ன்னு பேசறவங்க இதையும் கணக்கில் எடுக்கணும். அந்த ஒரு கிளிப் இல்லைன்னா, கட்டுக்கடங்காத கூட்டம், வேற வழியில்லாமல் சுட்டாங்க என்ற கதை மட்டும்தான் மிஞ்சியிருக்கும். அதே வருஷம் டிசம்பரில் ராய்ட்டர்ஸ் பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைத் தேடிப் படித்து எழுதியது: இறந்த 13 பேரில் 12 பேருக்குக் குண்டு பாய்ந்தது தலையில் அல்லது நெஞ்சில், அவர்களில் பாதிப் பேர் பின்னால் இருந்து சுடப்பட்டவர்கள். ஸ்டூடியோவில் நாலு பேரை உக்கார வச்சுக் கத்தவிட்டால் இந்தத் தகவல் எந்தக் காலத்திலும் வராது. ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா யாராவது போகணும்.

அப்போது போனவர்கள் இருந்தார்கள், பேசவிட்டவர்களும் இருந்தார்கள். அதற்கு விலையும் இருந்தது. 2018 ஜூனில் கோவையில் புதிய தலைமுறை நடத்திய வட்டமேசை விவாதத்தில் இந்தப் போராட்டங்கள் பற்றிப் பேச்சு வந்தது. இயக்குநர் அமீர் பேசியதை வைத்து கலாட்டா ஆனது. போலீஸ் வழக்கு போட்டது யார் மேல்? அமீர் மேல் மட்டும் இல்லை, விவாதம் நடத்திய சேனல் மேலும்.

டிவியைப் பற்றிப் பேசும்போது இதைச் சொல்லாமல் விட முடியாது. அன்றைய முதல்வர் எடப்பாடி கே. பழனிசாமி, துப்பாக்கிச் சூடு நடந்ததே டிவியைப் பார்த்துத்தான் தனக்குத் தெரியும் என்றார். போலீஸ் துறையைக் கையில் வைத்திருப்பவர் நம்மளை மாதிரியே சோஃபாவில் உக்காந்து நியூஸ் பார்த்தாராம். நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் இதை ஏற்கவில்லை. தலைமைச் செயலாளர், டி.ஜி.பி., உளவுத்துறை ஐ.ஜி. மூவரும் அவருக்கு அவ்வப்போது நிலவரத்தைச் சொல்லிக்கொண்டே இருந்ததாக அறிக்கை சொல்லுது. அவர் சொன்ன அன்றைக்கு அது தலைப்புச் செய்தி. அது உண்மையில்லை என்பது வெளியே வந்தது நான்கு வருஷம் கழித்து.

ரஜினிகாந்த் விஷயமும் இப்படித்தான். மே 30-ல் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு வந்தார். அங்கே காயம்பட்ட ஒரு பையன் "யார் நீங்க?"ன்னு கேட்டது உங்களுக்கு மீமா தெரியும். அதை வைத்து ரெண்டு நாள் சிரிச்சோம். அவர் சொன்ன இன்னொன்றுதான் அரசியலில் வேலை செய்தது: போராட்டத்தில் சமூக விரோதிகள் நுழைஞ்சுட்டாங்க, எல்லாத்துக்கும் போராடினால் தமிழ்நாடு சுடுகாடாகும். ஆதாரம் என்னன்னு கேட்பதற்குள் எல்லா சேனலிலும் ஓடிடுச்சு. பத்து சேனல் ஒரே நேரத்தில் சொன்னதால் பத்து சாட்சி மாதிரி ஆயிடுச்சு. ஆனால் மூலம் ஒரே ஒரு ஆள். லேப்ல சொன்ன ரெண்டாவது விஷயம் இதுதான், ஒரே கருவியில் பத்து ரீடிங். பிரபலங்கள் இப்படிப் பேசும் முன் நிதானம் வேண்டும்னு ஆணையம் பிறகு அறிவுறுத்தியது. 2023 ஏப்ரலில் ஆளுநர் ஆர்.என். ரவி, ஸ்டெர்லைட் போராட்டத்துக்கு வெளிநாட்டுப் பணம் வந்ததுன்னு சொன்னபோதும் அதே கதை. பேச்சு ஒரு நிமிஷம், விவாதம் ஒரு வாரம்.

2022 அக்டோபர் 18-ல் அருணா ஜெகதீசன் அறிக்கை சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. ஓடிக்கொண்டிருந்தவர்களைச் சுட்டிருக்கிறார்கள், தேவைக்கு மீறிச் சுட்டிருக்கிறார்கள் என்று சொல்லி, 17 போலீஸ்காரர்கள் மேல் நடவடிக்கைக்குப் பரிந்துரைத்தது. அன்றைய கலெக்டரும் அதில் தப்பவில்லை. அதே நாள் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட இன்னொரு அறிக்கை, ஜெயலலிதா மரணம் பற்றிய ஆறுமுகசாமி ஆணைய அறிக்கை. அந்த வாரம் டிவியில் எந்தப் பெயரை அதிகம் கேட்டீங்க? கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எதையும் மறைக்கவே வேண்டாம், பக்கத்திலேயே இன்னும் சுவாரசியமான ஒன்றை வச்சா போதும்.

நம்ம பக்கத்து எரர்

இதுவரை படிச்சுத் தலையாட்டினீங்கன்னா, இனி வர்றது பிடிக்காமல் போகலாம். 2018 மே 28-ல் ஆலையை நிரந்தரமா மூட அரசு உத்தரவிட்டது. 2020 ஆகஸ்ட்டில் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது, 2024 பிப்ரவரி 29-ல் உச்ச நீதிமன்றமும் வேதாந்தாவின் மனுவைத் தள்ளியது. வருஷத்துக்கு 4 லட்சம் டன் தாமிரம் எடுக்கும் ஆலை அது. மூடின பிறகு 2018-19-ல் இந்தியா தாமிரத்தில் நிகர இறக்குமதி நாடாகிவிட்டது. பிசினஸ் பேப்பர்களில் வருஷா வருஷம் வருவது இந்த வரி. நம்ம ஊர் பேச்சில் இந்த வரி வரவே வராது. அவங்க கட்டுரையில் 13 பேர் கடைசிப் பத்தியில் வருவாங்க, சில நேரம் வரவே மாட்டாங்க. நம்ம பேச்சில் லாரி ஓட்டினவரும் கான்ட்ராக்ட் வேலை போனவரும் வரமாட்டாங்க. ஆலையைத் திறக்கணும்னு கலெக்டர் ஆபீஸில் மனு கொடுத்தவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான். அவர்களைக் "கம்பெனி ஆளு"ன்னு ஒரே வார்த்தையில் முடிச்சுடறோம். "சமூக விரோதி"க்கு நாம் பட்ட கோபம் இதுக்கும் கொஞ்சம் வரணும்ல?

2021 ஏப்ரலில் கொரோனா ரெண்டாவது அலையில் ஆக்சிஜன் தயாரிக்க மட்டும் ஆலையைத் திறக்க உச்ச நீதிமன்றம் அனுமதித்தபோது இது நல்லாத் தெரிந்தது. மூச்சு கொடுக்க வருகிற ஆலைன்னு ஒரு பக்கம், பின்வாசல் வழியா நுழையுதுன்னு இன்னொரு பக்கம். ஆலையின் ஆக்சிஜன் பிளான்ட்டும் காப்பர் ஸ்மெல்ட்டரும் எப்படித் தனித்தனியா இயங்கும், ஒன்றை மட்டும் ஓட்ட முடியுமா? எந்த விவாதத்திலும் ஒரு கெமிக்கல் இன்ஜினியரை உக்கார வச்சு இதைக் கேட்டதா எனக்கு ஞாபகம் இல்லை. கேட்க வேண்டியவங்க நாமதான், அப்ப நாம ஆன்லைன் கிளாஸில் இருந்தோம்.

ஒரு சின்ன எக்ஸ்பெரிமென்ட்

பேசியது போதும், கையால் செஞ்சு பாருங்க. பழைய பேப்பர் வச்சிருக்கிற நூலகம் எதுவானாலும் போங்க. 2018 மே 23 தேதியிட்ட ஒரு தமிழ் நாளிதழும் ஒரு ஆங்கில நாளிதழும் கேளுங்க. முதல் பக்கச் செய்தியை ஜெராக்ஸ் எடுத்துக்கிட்டு, சுட்டது யாருன்னு சொல்ற வாக்கியங்களுக்கு மட்டும் அடிக்கோடு போடுங்க. பிறகு ஒவ்வொரு தகவலும் யார் சொன்னதுன்னு ஓரத்தில் எழுதுங்க: போலீஸ், அமைச்சர், ஆஸ்பத்திரி, நேரில் பார்த்தவர். எத்தனை தகவல் எத்தனை பேரிடம் இருந்து வந்திருக்குன்னு எண்ணிப் பாருங்க. கடைசியா, கதை எந்தத் தேதியில் தொடங்குதுன்னு ஒரு வட்டம் போடுங்க. முக்கால் மணி நேரம்கூட ஆகாது.

இங்கிலீஷ்ல மட்டும் நியூஸ் படிக்கிற ஆளா இருந்தா, தமிழ்ப் பேப்பரை எழுத்துக்கூட்டியாவது முழுசாப் படிங்க. எனக்கு ஒரு பக்கம் முடிக்க அரை மணி நேரம் ஆகும், பரவாயில்லை. ஊர்ப் பெயர், தெருப் பெயர், எந்த ஆஸ்பத்திரி, எந்த வார்டு எல்லாம் அதில்தான் இருக்கும். வரும் மே 22-லும் ஒரு பேப்பர் வாங்கி இதே மாதிரி கோடு போட்டுப் பாருங்க. போட்டோ எடுத்து இதழுக்கு அனுப்பினால், ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சு அடுத்த இதழில் போடுறோம்.